மலையடி வழியாக ஜப்பான்

முத்தரசநேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து காலை எட்டு ஐம்பதுக்குப் புறப்பட்டு, சந்தைப்பேட்டை, பீடிக்கம்பெனி விலக்கு, ரைஸ்மில், தர்கா என்று எல்லா இடத்திலும் நின்று, கடைசியாக மலையடிக்குப் போய்த் திரும்புகிற 11-சி டவுன் பஸ், புரட்டாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, மலையடியில் நிற்பதற்குப் பதிலாக ஜப்பானில் போய் நின்றது.

மலையடியில் மலை கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. இருபத்தாறு வருஷமாக வெடி வைத்து, உடைத்து, அரைத்து, சலித்து, முக்கால் இஞ்ச் ஜல்லியாகவும் அரை இஞ்ச் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் லாரி லாரியாக ஏறிப்போய், அது நாலுவழிச் சாலையாகவும் கல்யாண மண்டபங்களாகவும் என்ஜினியரிங் காலேஜ்களாகவும் மாறிவிட்டது. மிஞ்சியது முந்நூறு அடிப் பள்ளமும், அதன் அடியில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரும், பள்ளத்தின் ஓரத்தில் குவாரிக்காரர்கள் குடியிருக்கும் மலையடிக் காலனியும்தான். ஊர்ப்பெயரை மாற்றச் சொல்லி யாரும் மனுக் கொடுக்காததால் பஸ்ஸின் போர்டில் மட்டும் மலை பத்திரமாக இருந்தது.

அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் சண்முகக்கனி இருந்தாள். நாற்பத்து நாலு வயது. கிரஷரில் ஜல்லி அள்ளிக் கொட்டும் வேலை. கல் சுமந்து சுமந்து வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். பக்கத்தில் அவள் புருஷன் தவசி. அதே குவாரியில் இருபத்திரண்டு வருஷம் பாறையில் குழி போட்டவன். மலையின் பொடி கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சுக்குள் போய்க் குடியேறிவிட்டதால், படுத்தால் இருமல், நடந்தால் இருமல், பேசினால் இருமல் என்றாகி, மூன்று வருஷமாகப் பேச்சையே குறைத்துக்கொண்டவன். இருவரும் காலை ஏழு மணிக்கே ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி, டாக்டர் பயிற்சிக்குப் போயிருக்கிறார் என்று கேட்டு, சிவப்பு மருந்து ஒரு பாட்டிலோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

தர்காவைத் தாண்டியதும் கொஞ்சம் பனிமூட்டம் வந்தது. பிறகு ரோட்டின் இரண்டு பக்கமும் நெடுநெடுவென்று மரங்கள் வந்தன. பிறகு, சிவப்பும் மஞ்சளுமாக, தேர்த்திருவிழாவுக்குச் சீலை கட்டிவிட்டது போல ஒரு காடு வந்தது. பஸ் ஒரு சின்ன மர ஸ்டேஷன் முன்னால் நின்றது. ஸ்டேஷனுக்குப் பின்னால், ஆகாயத்தில் பாதியை எடுத்துக்கொண்டு, தலையில் லேசாக வெள்ளை பூசி, ஒரு முழு மலை நின்றது.

டிரைவர் சூசையாவிடம் பின்னால் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் கேட்டார்கள். அவர் எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார். "நான் நிப்பாட்டத்தான் பாத்தேன். ரோடு இன்னும் இருந்துச்சு. ரோடு இருந்தா பஸ் போவும்லா."

கண்டக்டர் பால்துரைக்கு வேறு கவலை. அவர் டிக்கெட் மிஷினில் ஸ்டேஜ் மலையடியோடு முடிந்துவிடும். "இல்லாத ஸ்டேஜுக்கு நான் டிக்கெட் போட முடியாது. நீங்க வாங்கினது மலையடி டிக்கெட். அதுக்கு மேல வந்தது பஸ்ஸோட இஷ்டம். எல்லாரும் எறங்குங்க," என்றார். எல்லோரும் இறங்கினார்கள்.

ஸ்டேஷனிலிருந்து நீலச் சட்டையும் வெள்ளைக் கையுறையும் போட்ட ஒருவர் ஓடிவந்தார். அவர் பெயர் மொரிதா, வயது அறுபத்தேழு, ஹிநோசவா என்ற அந்த மலைக்கிராமத்து ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பதும், கொடி காட்டுவதும், சருகு கூட்டுவதும் அவர்தான். அவர் பஸ்ஸைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையைப் பார்த்தார். மதியம் ஒன்று பதினைந்துக்கு வருவதாக எந்தப் பஸ்ஸும் அதில் இல்லை. அவர் முகம் வாடிவிட்டது. இடுப்புவரை வளைந்து கும்பிட்டு, சட்டைப்பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு கருவியை எடுத்து அதனிடம் பேசினார். வெளிநாட்டுப் பயணிகள் வந்தால் பேசுவதற்கென்று கிராம அலுவலகம் நாலு வருஷத்துக்கு முன்னால் வாங்கிக் கொடுத்த மொழிபெயர்ப்புக் கருவி அது. பயணிகள் யாரும் வராததால் அதுவரை ஒரு தடவைகூடப் பயன்படவில்லை. அது செய்தி வாசிக்கிற அம்மாவின் குரலில் தமிழ் பேசியது.

"மதிப்பிற்குரிய பயணிகளே. தங்கள் பேருந்து வரும் என்பதை நாங்கள் முன்கூட்டியே அறிந்திராதது எங்கள் பிழை. பொறுத்தருள வேண்டுகிறோம்."

முத்தரசநேரியில் இத்தனை வருஷத்தில் எந்தப் பஸ்ஸுக்காகவும் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. இறங்கிய பதினேழு பேரும் ஒருவருக்குப் பின்னால் ஒருவராக ஒதுங்கினார்கள். கடைசியில் சண்முகக்கனிதான், "அதனால என்ன அண்ணாச்சி, நாங்களும் சொல்லிக்கிட்டா வந்தோம்," என்றாள்.

சொல்லிவிட்டுத் திரும்பினால் தவசியைக் காணோம். அவன் மலைக்கு எதிரில் போய் நின்றுகொண்டிருந்தான். கையைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுத்தான். அது பாதியில் முட்டி நிற்காமல் உள்ளே போயிற்று, இன்னும் போயிற்று, அடிவயிறுவரை போயிற்று, அப்புறம் எந்தச் சேதாரமும் இல்லாமல் திரும்பி வந்தது. ஒன்றேமுக்கால் மணி நேரம் அவன் இருமவில்லை. அவள் இருமலுக்காகக் காத்துக்கொண்டே இருந்தாள், அது வரவில்லை.

"என்னங்க, எப்படி இருக்கு," என்று கேட்டாள்.

"காத்து தேடாம வருதுட்டி," என்றான் தவசி.

மூன்று மணிக்கு அங்கே ஏறினால் பஸ் பன்னிரண்டரைக்கு முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்துவிட்டது. போகும்போது மூன்றரை மணி நேரம் எங்கேயோ தொலைகிறது, வரும்போது முழுசாகத் திரும்பக் கிடைக்கிறது என்று பெண்கள் கணக்கெடுத்து, அப்படியானால் உலை வைக்க நேரம் இருக்கிறது, ஆகவே போய்வருவதில் தப்பில்லை என்று முடிவு செய்தார்கள். மறுநாள் நாற்பது பேர் போனார்கள். அதற்கடுத்த வாரம் ஐம்பத்தைந்து சீட்டுள்ள பஸ்ஸில் எண்பது பேர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் மிஷின் அவர்களுக்குச் சுழியம் ரூபாய் என்று அச்சடித்த டிக்கெட்டைக் கொடுக்கும். ஆண்களுக்குப் பன்னிரண்டு ரூபாய். பன்னிரண்டு ரூபாய் கொடுத்து ஜப்பான் போவதா என்று ஊர் ஆண்களில் பெரும்பாலானவர்கள் போகவில்லை. போன சிலரும், அங்கே கொடுக்கிற டீயில் பாலும் இல்லை சர்க்கரையும் இல்லை, அது கஷாயம், டீ கிடைக்காத ஊர் ஒரு ஊரா என்று பஸ் ஸ்டாண்ட் கடையில் அறிக்கை விட்டார்கள்.

ஹிநோசவா தன் பங்குக்கு இந்தப் பஸ்ஸை ஏற்றுக்கொள்ளக் கடுமையாக உழைத்தது. மொரிதா புதிய கால அட்டவணை தயார் செய்தார். 11-சி சில நாள் ஒன்று பதினைந்துக்கு வந்தது, சில நாள் ஒன்று நாற்பதுக்கு. ரைஸ்மில்லில் மூட்டை ஏற்றினால் இரண்டு ஐந்து. பத்து நாள் குறித்துவைத்துப் பார்த்த பிறகு, '13.15 அளவில்' என்று எழுதி அச்சுக்குக் கொடுத்தார். ஜப்பானில் எந்த அட்டவணையிலும் 'அளவில்' என்ற சொல் அதுவரை வந்ததில்லை. அச்சகத்தார் பிழை என்று நினைத்து இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் அது அச்சாகி ஒட்டப்பட்டபோது கிராமத்தில் இருந்த முப்பத்தொரு பேரும் வந்து அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த ஸ்டேஷனிலிருந்து ஒற்றைப் பெட்டி ரயில் ஒன்று, மலையைச் சுற்றிச் சுற்றி, பதினொரு குகைக்குள் நுழைந்து வெளியே வந்து, மேல் ஹிநோசவாவுக்குப் போகும். அங்கிருந்து உச்சிக்கு ரோப் கார். பெண்கள் அதைப் பழனி விஞ்ச் என்றே சொன்னார்கள். முதல் நாள் ரயிலில் ஏறப்போனபோது மொரிதா டிக்கெட் கேட்டார். அவர்கள் சுழியம் ரூபாய் டிக்கெட்டைக் காட்டினார்கள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, மறுபடி பிடித்து, தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். தலைமை அலுவலகம் மூன்று நாள் கூட்டம் போட்டது. டிக்கெட் என்பது டிக்கெட். அதில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்பது அதைக் கொடுத்த நிர்வாகத்தின் உள்விவகாரம். சுழியமும் ஓர் எண்ணே. ஆகவே இந்தப் பயணிகளைத் தொடர் பயணிகளாகக் கருதி ஏற்றிச் செல்லவும் என்று பதினாலு பக்கத்தில் உத்தரவு வந்தது.

உத்தரவின் பின்னால் இன்னொரு காரணமும் இருந்தது. அந்த ரயிலை மூடப்போகிறார்கள். மார்ச் கடைசிவரை உள்ள ஆறு மாதத்துக்கு, நாள் ஒன்றுக்குச் சராசரி ஐம்பது பேர் ஏறினால் ரயில் ஓடும். ஏறாவிட்டால் தண்டவாளத்தைக் கழற்றிவிடுவார்கள். அதுவரை ஏறிக்கொண்டிருந்தது மூன்று பேர். அதில் ஒருவர், முழங்கால் வலிக்கு மேல் ஹிநோசவா வைத்தியரிடம் போய்வருகிற ஃபுமி என்ற கிழவி.

இதை மொரிதா கருவியிடம் சொல்ல, கருவி செய்தி வாசித்தது. ரயிலில் நின்றிருந்த பெண்கள் கேட்டார்கள். பீடிக்கம்பெனி பாக்கியத்தாய், "ஏறி உக்காந்தா போதுமா? அதுக்கு மேல ஒண்ணும் செய்ய வேண்டாமா?" என்று கேட்டாள்.

"அமர்ந்திருந்தால் போதும். தாங்கள் ஜன்னல் வழியே பார்க்கவும் செய்தால் நாங்கள் மகிழ்வோம்," என்றது கருவி.

வாழ்க்கையில் முதல் தடவையாக, உட்கார்ந்திருப்பதையே ஒருவர் அவர்களிடம் வேலையாகக் கேட்டார். அவர்கள் அதை ஒழுங்காகச் செய்தார்கள். தினமும் போய் உட்கார்ந்தார்கள். ஐப்பசியில் இலை சிவந்து கொட்டுவதைப் பார்த்தார்கள். கார்த்திகையில் முதல் பனி விழுவதைப் பார்த்தார்கள். மேலே போய் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாக நிற்கிற சிகரங்களை எண்ணினார்கள். எண்ணிக்கை ஆளுக்கு ஒன்றாக வந்தது. வெந்நீர் ஊற்றில் குளிக்க வேண்டுமானால் துணி இல்லாமல்தான் குளிக்க வேண்டும் என்று விதி இருந்ததால் அதைத் தள்ளிவைத்துவிட்டு, ஸ்டேஷன் வாசலில் கால் மட்டும் நனைக்கிற தொட்டியில் வரிசையாகக் காலை விட்டு உட்கார்ந்து, மொச்சை உரித்தார்கள், புளி கொட்டை எடுத்தார்கள், மகளிர் குழுவின் கூட்டத்தை நடத்தினார்கள். ஃபுமி கிழவியும் வந்து காலை விட்டு உட்கார்ந்து, ஒரு சொல் புரியாமல், எல்லாத் தீர்மானத்துக்கும் கை தூக்கினாள்.

சண்முகக்கனி கிரஷரில் மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு தவசியை நாள் தவறாமல் கூட்டிப்போனாள். போகும்போது தர்கா தாண்டியதும் இருமல் நிற்கும்; திரும்பும்போது தர்கா வந்ததும் ஆரம்பிக்கும். அவன் அங்கே பேசினான். மூன்று வருஷத்துப் பேச்சு அவனுக்குப் பாக்கி இருந்தது. மகள் கல்யாணத்தில் கொட்டுமேளம் சரியில்லை என்பதைக்கூட இப்போதுதான் சொன்னான்.

கார்த்திகை கடைசியில் பேரூராட்சித் தலைவர் வெயிலுமுத்து வந்தார். குவாரியும் அவருடையதுதான். பன்னிரண்டு ரூபாய் டிக்கெட் எடுக்காமல், பால்துரையும் கேட்காமல், முன் சீட்டில் உட்கார்ந்து வந்து இறங்கியவர், மலையை மேலிருந்து கீழாக ஒரு தடவை, இடமிருந்து வலமாக ஒரு தடவை பார்த்தார். லாரிக்கணக்கில் கல்லை அளக்கிறவர்கள் யூனிட் என்பார்கள். அவர் மொரிதாவைக் கூப்பிட்டு, "இதுல எத்தனை யூனிட் தேறும்?" என்று கேட்டார்.

கருவி அதை மொழிபெயர்த்தது. மொரிதா மலையைத் திரும்பிப் பார்த்தார். கேள்வி முக்கியமானது என்பதால் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஒன்று," என்றது கருவி.

வெயிலுமுத்து அதை அவமரியாதையாக எடுத்துக்கொண்டார். ஊர் திரும்பியதும் பேரூராட்சியில் தீர்மானம் வந்தது. சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஒரு தடத்தில், இருக்கை கிழிந்த சாதாரண டவுன் பஸ், மொச்சை உரிக்கிறவர்களை இலவசமாக ஏற்றிக்கொண்டு போவது ஊரின் மானத்துக்கு இழுக்கு. ஆகவே தைப்பொங்கல் முதல் ஜப்பானுக்குக் குளிர்சாதனச் சிறப்புப் பஸ் விடப்படும், 11-சி நிறுத்தப்படும். பஸ் ஸ்டாண்ட் முழுவதும் பேனர் வந்தது. பேனரில் மலை இருந்தது; மலையைவிட உயரமாக வெயிலுமுத்து இருந்தார்; அவர் தோளுக்குமேல் பறந்த ஒரு வெள்ளைப் பறவையின் வாயில் 'வருக' என்று எழுதியிருந்தது.

பொங்கலன்று திரைச்சீலை போட்ட அந்தச் சிறப்புப் பஸ், நாதஸ்வரம் வாசிக்க, ஊரின் முக்கியஸ்தர்கள் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. சந்தைப்பேட்டையில் நிற்கவில்லை. பீடிக்கம்பெனி விலக்கில் நிற்கவில்லை. தர்காவில் நிற்கவில்லை. நேராகப் போய்க் குவாரிப் பள்ளத்தின் அடியில் நின்றது.

நாற்பது பேரும் ஸ்வெட்டரோடு இறங்கினார்கள். எதிரில் வெட்டிய பாறைச் சுவர் இருந்தது, பச்சைத் தண்ணீர் இருந்தது, துருப்பிடித்த ஒரு ஜே.சி.பி. இருந்தது. யார் முதலில் வாயைத் திறப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் அதற்குமுன் ஜப்பானைப் பார்த்தவர் வெயிலுமுத்து ஒருவர்தான். அவர் மெதுவாகக் கைகளைத் தேய்த்துக்கொண்டு, "குளிரு கொஞ்சம் ஜாஸ்திதான்," என்றார்.

அவ்வளவு போதுமாக இருந்தது. வியாபாரிகள் சங்கச் செயலாளர் மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார். மெட்ரிகுலேஷன் பள்ளித் தாளாளர், தண்ணீரைக் காட்டி, எரிமலை ஏரி என்று இதைத்தான் சொல்வார்கள் என்றார். எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். திரும்பி வந்து, என்ன சுத்தம், என்ன அமைதி, ஒரு ஆள் நடமாட்டம் கிடையாது, அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது என்று பேட்டி கொடுத்தார்கள். அன்றிலிருந்து தினமும் சிறப்புப் பஸ் நிறைந்து போயிற்று. முன்பதிவு செய்து, காசு கட்டி, குடும்பம் குடும்பமாகப் பள்ளத்துக்குப் போய், மத்தியான வெயிலில் ஸ்வெட்டர் போட்டு நின்று, பாறைச் சுவரை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்கள். பார்த்தவர் யாரும் அது ஜப்பான் இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால் பார்க்கத் தெரியாதவர் என்று ஆகிவிடும்.

மலையடிக் காலனிக்கு அது தன் வீட்டு வாசலில் நடந்த கூத்து. சிறப்புப் பஸ் தூசி கிளப்பிக்கொண்டு பள்ளத்தில் இறங்குவதைப் பெண்கள் தினமும் பார்த்தார்கள். சிரிக்கவும் செய்தார்கள். ஆனால் 11-சி இல்லை. மருந்துக்கும் அரிசிக்கும் நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். தவசியின் இருமல் தை மாதத்தில் ரத்தத்தோடு வந்தது. ஒரு நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவன், "அங்கன ரெயிலு ஓடுதோ என்னவோ," என்றான்; அதற்குமேல் சொல்ல மூச்சு இல்லை.

சண்முகக்கனி மறுநாள் டெப்போவுக்குப் போய் மேனேஜர் முன்னால் நின்றாள். கூடப் பாக்கியத்தாயும் இன்னும் ஏழெட்டுப் பேரும்.

"ஜப்பானுக்குத்தான் ஏசி பஸ் விட்டாச்சே. பெறகென்ன?" என்றார் மேனேஜர்.

"அது ஜப்பானுக்குப் போகல சார்," என்றாள் பாக்கியத்தாய்.

"புகார் ஒண்ணும் வரலியேம்மா. போயிட்டு வந்தவங்க எல்லாம் நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. பாரு, ஃபைலே இருக்கு."

பாக்கியத்தாய் மேலும் பேச வாயெடுத்தாள். சண்முகக்கனி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். வழியெல்லாம் அவள் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"சார், எங்களுக்கு ஜப்பான் வேண்டாம்," என்றாள். "அதெல்லாம் பெரிய ஆளுங்க போற இடம். எங்களுக்கு மலையடிக்கு ஒரு டவுன் பஸ் விடுங்க. பிள்ளையளு பள்ளிக்கூடம் போகணும். ரேசன் அரிசி தூக்கிட்டு நடக்க முடியல."

மேனேஜர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. ஜப்பான் என்றால் மேலிடத்தைக் கேட்க வேண்டும். மலையடி என்றால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் காது கொடுக்கக்கூட மாட்டார்கள். "பழைய வண்டிதான் இருக்கு. சீட்டு சரியிருக்காது," என்றார்.

"பழசே போதும் சார்."

மாசி பிறக்கும்போது 11-சி திரும்ப வந்தது. அதே சூசையா, அதே பால்துரை, அதே கிழிந்த சீட்டு. ரைஸ்மில்லில் நின்றது, தர்காவில் நின்றது, பனிமூட்டம் வந்தது, ரோடு இன்னும் இருந்தது. ஸ்டேஷனில் மொரிதா, நாலு வாரமாகத் தினமும் 13.15 அளவில் வாசலில் வந்து நின்றவர், அன்றும் நின்றுகொண்டிருந்தார். மழித்திருந்த முகம் இளைத்திருந்தது. பஸ்ஸைப் பார்த்ததும் வளைந்து கும்பிட்டவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று.

இந்தத் தடவை பெண்கள் யாரிடமும் சொல்லவில்லை. எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்டால், மலையடிக்கு என்றார்கள். பொய் இல்லை, டிக்கெட்டில் அப்படித்தான் இருந்தது.

பஸ் இல்லாத நாலு வாரத்தில் சராசரி நாற்பத்தேழுக்கு இறங்கியிருந்தது. ஏறி ஏறி அதை நாற்பத்தொன்பதுக்குக் கொண்டுவந்த நேரத்தில், மாசிக் கடைசியில், பனி இளகி, மலையின் விலாவிலிருந்து ஒரு சரிவு பெயர்ந்து, மூன்றாவது குகைக்கு முன்னால் தண்டவாளத்தை மூடிவிட்டது. ஆனை ஆனையாகப் பாறை. தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கருவி வாசித்தது: சரிவைப் பற்றி வல்லுநர் குழு பதினோரு மாதம் ஆய்வு செய்யும்; அதுவரை ரயில் ஓடாது; ஓடாத ரயிலில் யாரும் ஏற முடியாது; ஏறாவிட்டால் விதிப்படி ரயில் மூடப்படும்; மிகவும் வருந்துகிறோம்.

மொரிதா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். கொடிக்கம்பை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

தவசி எழுந்து தண்டவாளத்தோடு நடந்து போய்ச் சரிவைப் பார்த்தான். ஒவ்வொரு பாறையாகத் தட்டிப் பார்த்தான். குனிந்து காது வைத்தான். கல் பிளக்கிற ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரலால் தடவினான். அவனுக்கும் அவன் பின்னால் வந்த பெண்களில் பாதிப்பேருக்கும் உலகத்தில் நன்றாகத் தெரிந்த ஒரே விஷயம் அங்கே குவிந்து கிடந்தது.

"வெடி வேண்டாம். உளியும் ஆப்பும் போதும். நாலு நாள் வேலை," என்றான்.

அனுமதி வேண்டும் என்றார் மொரிதா. அனுமதி கேட்டால் பதினோரு மாதம் ஆகும் என்று அவரே சொன்னார். பிறகு ஸ்டேஷனுக்குள் போய், நாற்பத்தைந்து வருஷ வேலையில் முதல் தடவையாக, யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தார். கிடங்கைத் திறந்து எண்பது மஞ்சள் தொப்பிகளை வெளியே எடுத்து வைத்தார். ஆனால் விதியை முழுதாக விட்டுவிடவும் அவரால் முடியவில்லை. வேலைக்கு முன்னால் எல்லோரும் உடற்பயிற்சி செய்தாக வேண்டும் என்றார். ரேடியோவில் பியானோ வாசிக்க, மலையடிக் காலனிப் பெண்கள் சேலைக்குமேல் சட்டை போட்டு, மஞ்சள் தொப்பி வைத்து, கையைத் தூக்கி, இறக்கி, இடுப்பை வளைத்து, குதித்தார்கள். இருபது வருஷம் கல் சுமந்ததில் இப்படி ஒரு சடங்கு இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

பிறகு வேலை ஆரம்பித்தது. தவசி பாறையின் ரேகையில் குழி போட்டு, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் அடித்தான். பாறை இரண்டாக வாய் திறந்தது. பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கல்லை ஓரத்துக்குக் கொண்டுபோய் அடுக்கினார்கள். சூசையா வரிசையில் நின்றார். பால்துரை, கண்டக்டருக்கு இது வேலை இல்லை என்று சொல்லிவிட்டு, அவரும் நின்றார். ஒன்றேமுக்கால் மணி நேரம் வேலை, பஸ், மறுநாள் ஒன்றேமுக்கால் மணி நேரம். நாலு நாள் என்றது ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் ரயில் ஓடியது. விட்ட நாளையெல்லாம் பிடிக்க, பெண்கள் மேலே போய் இறங்கி, கீழே வந்து, மறுபடி ஏறினார்கள். மொரிதா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஆளாக எண்ணினார். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் கூட்டி, வகுத்து, மறுபடி கூட்டிப் பார்த்தார். ஐம்பது புள்ளி இரண்டு. தாளை ஸ்டேஷன் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. ரயில் தொடர்ந்து ஓடும். ஆனால் பாதை ஓரத்தில் அடுக்கியிருக்கும் கற்கள் விதிப்படிக் கழிவுப் பொருள். அவற்றை எங்கே அகற்றுவது என்று தெரிவிக்கவும்.

மொரிதா தவசியைக் கேட்டார். லாரி கூப்பிடலாமா, எங்கே கொண்டுபோய்க் கொட்டலாம் என்று கருவி கேட்டது.

தவசி அடுக்கைப் பார்த்தான். அவன் கை பட்டுப் பெயர்ந்த கல் எல்லாம் இதுவரை ஒரே திசையில், மலையை விட்டுக் கீழேதான் போயிருந்தது. சரிந்த விலாவை அண்ணாந்து பார்த்தான். மேலே, மண் பிளந்த இடத்தில், புதுப்புண் போல மஞ்சளாகத் தெரிந்தது.

"எங்கன இருந்து விழுந்துச்சோ அங்கன கொண்டு வைப்போம்," என்றான்.

"என்னங்க சொல்லுதீய, அம்புட்டு உசரம்," என்றாள் சண்முகக்கனி.

"சும்மாடு இருக்குல்லா?"

அவள் முந்தானையைச் சுருட்டித் தலையில் வைத்தாள். தவசி ஒரு கல்லைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் ஏற ஆரம்பித்தான். அவள் பின்னால் ஏறினாள். பாக்கியத்தாய் ஏறினாள். எண்பது பேரும் ஆளுக்கொரு கல்லாக, மஞ்சள் தொப்பியும் சும்மாடுமாக, மலையின் விலாவில் எறும்புச் சாரை போல ஏறிப்போனார்கள். தவசி மேலே நின்று, கல்லை வாங்கி, புரட்டிப் பார்த்து, எது எதன்மேல் உட்காருமோ அதன்மேல் வைத்து, இடுக்கில் சில்லு செருகி, காலால் மிதித்துப் பார்த்து, அடுத்த கல்லுக்குக் கை நீட்டினான்.

கீழே ரயில் வந்து நின்றது. பாதையைக் கடந்து ஆட்கள் போய்வந்துகொண்டிருந்ததால் அதனால் புறப்பட முடியவில்லை. மொரிதா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியை எடுத்து முதலில் தன் மொழியில் சொல்லி, அப்புறம் கருவியை அதன் வாயில் பிடித்தார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மலையைத் திரும்ப வைக்கும் பணி நடைபெறுவதால் ரயில் தாமதமாகப் புறப்படும். எவ்வளவு தாமதம் என்பது தெரியவில்லை. ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்."

ரயிலில் இருந்தது ஃபுமி கிழவி ஒருத்திதான். அவள் அறிவிப்பைக் கடைசிவரை கேட்டாள். மருந்துப் பையைச் சீட்டில் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்து, வலிக்கிற முழங்காலை முதலில் இறக்கி, பிறகு மற்றதை இறக்கி, கல் அடுக்குக்கு வந்தாள். நாலைந்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தேங்காய் அளவில் ஒன்றை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வரிசையில் இரண்டு பெண்கள் ஆளுக்கு ஓர் அடி விலகி, நடுவில் அவளுக்கு இடம் விட்டார்கள்.